வேலி ஏணியில் ஒரு துவக்கு

நாய்தான் முதலில் நின்றது. பிறகு அதைக் கூட்டிவந்த பெண்மணி நின்றாள்.

ஜெர்மனியில், பீலெஃபெல்டு நகருக்கு வெளியே, மலைக்காட்டின் சரிவில், இளங்கன்றுகளை மான் தின்னாமல் இருக்கக் கம்பி வேலி அடித்திருந்தார்கள். வேலியைத் தாண்டுவதற்கு இருபுறமும் படி வைத்த ஒரு மர ஏணி. அதன் அடியில் ஒரு மனிதன் மல்லாந்து கிடந்தான். அருகே ஒரு வேட்டைத் துப்பாக்கி. நவம்பர் மாதத்து மூடுபனியில் அவள் முதலில் அதை ஒரு முறிந்த கிளை என்றே நினைத்தாளாம்.

சனிக்கிழமை, காலை 9.20.

லவினியா அருட்பிரகாசம் காட்டுப் பாதையில் காரை நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். குற்றப் புலனாய்வுப் பிரிவில் ஆய்வாளர். மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர்களுக்கு இந்த ஊரில் பிறந்தவள். இறந்தவனின் வேட்டை அனுமதி அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்ததால் அவளை அழைத்திருந்தார்கள்.

நிசாந். வயது நாற்பத்து நான்கு. பேக்கரியில் வேலை.

அவள் எதையும் தொடாமல் நெடுநேரம் குந்தியிருந்தாள். குண்டு வலது தாடையின் கீழே புகுந்து மேல்நோக்கிப் போயிருந்தது. துப்பாக்கியின் வார் வலது முழங்கையில் சுற்றிக் கிடந்தது. வலது மணிக்கட்டில் கைக்கடிகாரம். பச்சைக் கம்பளி ஜாக்கெட்டின் இடது தோள் தேய்ந்து நிறம் மங்கியிருந்தது. அந்தத் தோளில் கொம்புப் பொத்தான் ஒன்று தைக்கப்பட்டிருந்தது. வலப்பக்கப் பையில் ஒரு கைக்குட்டை, ஒரு துண்டு பாண் ரொட்டி, தனியாக ஒரு தோட்டா.

துப்பாக்கியைத் தடயப் பிரிவினர் திறந்து பார்த்தார்கள். குழலில் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு. மூன்று தோட்டா கொள்ளும் பெட்டியில் ஒன்றுதான் மிச்சம். பாதுகாப்புப் பூட்டு போட்டபடியே இருந்தது. தோளில் ஊன்றும் மரப் பிடியான சோங்கின் அடியில் புதிதாக ஒரு நசுங்கல்.

உடன் வந்த காவல் அதிகாரி ரைனர்ட்டுக்குக் கதை தெளிவாக இருந்தது. அவர் முப்பது வருடம் வேட்டையாடியவர். ஆள் துப்பாக்கியை வலது தோளில், குழல்வாய் மேலே பார்க்கத் தொங்கவிட்டபடி ஏணியில் ஏறியிருக்கிறான். வார் நழுவியது. சோங்கு படியில் இடித்தது. வெடித்தது. வேலி தாண்டும்போது துப்பாக்கியை வெறுமையாக்க வேண்டும் என்பது வேட்டைக்காரர்களின் முதல் பாடம். அதை ஒரு நாள் சோம்பலில் விட்டவர்கள் இருவரை அவர் இதே போல் கண்டிருக்கிறாராம். ஒரே ஒரு விஷயம்தான் அவருக்கு உறுத்தியது. பூட்டுப் போட்ட துப்பாக்கி, இடித்தாலும் வெடிக்கக் கூடாது.

"யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள்" என்றார்.

பழுது பார்த்தவன் பெயர் தாரகன்.

திங்கட்கிழமை.

நகரத்தில் ஒரு துப்பாக்கிக் கடையின் பின்னறையில் தாரகன் வேலை செய்தான். நிசாந்தின் நெருங்கிய நண்பன். ஒரே வருடத்தில் இருவரும் வேட்டை அனுமதி எடுத்தவர்கள். பழைய துப்பாக்கி ஒன்றை நிசாந் வாங்கியபோது தாரகன்தான் பார்த்துக் கொடுத்தான். இரண்டு வாரம் முன்பு அதன் பூட்டு இறுகுகிறது என்று நிசாந் கொண்டுவந்தான். தாரகன் கழற்றிச் சரி செய்தான்.

ஆய்வுகூடத்தின் அறிக்கை அவனுக்கு எதிராகவும் இல்லை, ஆதரவாகவும் இல்லை. பூட்டைப் போட்டுவிட்டு சோங்கைப் பல தடவை இடித்துப் பார்த்ததில், ஒரே ஒரு தடவை, மிகப் பலமான அடியில், விசை நழுவியது.

அந்த ஒரு தடவை போதும். கவனக்குறைவால் மரணம் விளைவித்தது என்று அரச வழக்கறிஞர் கோப்பு திறக்கத் தயாராக இருந்தார். கோப்பு திறந்தால் வேலை போகும். துப்பாக்கி தொடும் உரிமை போகும். ஆனால் விசாரணை அறையில் தாரகன் அதைப் பற்றியெல்லாம் பேசவில்லை.

"பிழை விட்டனீங்களோ, அண்ணை?"

அவன் தன் கைகளைப் பார்த்தான். லவினியா காத்திருந்தாள். கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது அவள் வழக்கம். மௌனத்தைத் தாங்க முடியாதவர்கள் பேசுவார்கள். தாரகன் தாங்கினான். சன்னலுக்கு வெளியே டிராம் ஒன்று வந்து, நின்று, போனது.

"தெரியாது" என்றான் கடைசியில். "சரியாத்தான் செய்தனான் எண்டு நினைக்கிறன். ஆனா அவன் செத்துப்போனான். இப்ப என்னெண்டு நான் சரி எண்டு சொல்லுறது?"

அப்பாவியின் பேச்சாக அது இருக்கலாம். நன்றாக யோசித்து வைத்த பேச்சாகவும் இருக்கலாம். பூட்டைக் கழற்றியவனுக்கு அது எந்த அடியில் நழுவும் என்பதும் தெரிந்திருக்கும். லவினியா இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை.

நிசாந்தின் மனைவி அஜிதா தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். தான் குடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கிரியை. உடலைத் தந்துவிடுவார்களா என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது.

"தாரகனைச் செத்தவீட்டுப் பக்கம் வரவேண்டாம் எண்டு சொல்லிப்போடுங்கோ. என்ரை வாயாலை சொன்னா நான் வேறை ஏதும் சொல்லிப்போடுவன்."

"அவர் வேணுமெண்டு செய்திருப்பார் எண்டு நினைக்கிறியளோ, அக்கா?"

"வேணுமெண்டோ, வேண்டாமெண்டோ. எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

லவினியா ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்டாள். தோளில் இருந்த பொத்தானைத் தான்தான் தைத்ததாக அஜிதா சொன்னாள். வார் வழுக்குகிறது, தடுக்க ஒன்று வேண்டும் என்றானாம்.

"இடப்பக்கத்திலையோ தைக்கச் சொன்னவர்?"

"அவர் காட்டின இடத்திலை தைச்சன். தெறி தைக்கிறதுக்கு ஆரும் காரணம் கேப்பினமோ?"

கைக்கடிகாரத்தை வலக்கையில் கட்டுவது ஏன் என்று கேட்டதற்கு, பழக்கம் என்று சொல்லுவார், அவ்வளவுதான் தெரியும் என்றாள். மற்றபடி எழுதுவது, சாப்பிடுவது, கோயிலில் விபூதி வாங்குவது எல்லாம் எல்லோரையும் போலத்தான்.

கடைசி மாதங்களில் அவன் மாறியிருந்தானா? அஜிதா யோசித்தாள். பேச்சுக் குறைந்திருந்தது. சனிக்கிழமைகளில் ஒரு ஜெர்மன் கிழவருக்குப் பாண் கொண்டுபோய்க் கொடுப்பான். கோடையில் சைக்கிளில் போனபோது கார் ஒன்று அடித்துவிட்டு நிற்காமல் போனதில் நடக்க முடியாமல் போனவர். அவரை எப்படித் தெரியும் என்று கேட்டால், பேப்பரில் படித்தேன் என்பானாம்.

அப்போது கதவு திறந்தது. அஜிதாவின் தம்பி சேயோன், இரு கைகளிலும் மரக்கறிப் பைகளோடு வந்தான். முப்பது வயது இருக்காது. பார்சல் கிடங்கில் வேலை. பஸ் பிந்திவிட்டது என்று அக்காவிடம் மன்னிப்புக் கேட்டான். காரை ஆகஸ்டில் விற்றுவிட்டானாம், பெட்ரோல் விலை கட்டுப்படியாகவில்லை.

லவினியாவைக் கண்டதும் கை கொடுத்தான். அமர்ந்தான். அவனும் வேட்டை அனுமதிக்கான வகுப்பில் சேர்ந்திருந்தான். அத்தான்தான் சேர்த்துவிட்டவர்.

"வேலி வந்தா என்ன செய்ய வேணும் எண்டு அத்தான் எனக்கு இந்த மேசையிலை வைச்சுத்தான் சொல்லித் தந்தவர்" என்றான். "குழலை அடைக்கிற போல்ட்டைத் திற. தோட்டாவை எடு. துவக்கை மற்ற ஆளிட்டைக் குடு. பிறகு ஏறு. தனியப் போனா, வேலிக்குக் கீழாலை அங்காலை தள்ளிப்போட்டு ஏறு. வாய் உன்னைப் பாக்கக் கூடாது."

"அப்பிடிச் சொன்ன மனிசன் தானே செய்யாமல் விட்டவரோ?"

"இரவு முழுக்கப் பேக்கரியிலை நிண்டவர். களைச்சுப் போயிருப்பார்."

"நீங்கள் அவரோடை காட்டுக்குப் போனனீங்களோ?"

"ஒரு நாளும் இல்லை, அக்கா. சோதினை பாஸ் பண்ணு, பிறகு கூட்டிக்கொண்டு போறன் எண்டவர்." அஜிதா அவன் தலையைத் தடவினாள்.

சனிக்கிழமை காலையில் இரவு வேலை முடிந்து வீட்டில் தூங்கினேன் என்றான். தனியாக இருப்பவன். தாரகனும் அப்படியே சொல்லியிருந்தான். இருவருக்கும் சாட்சி இல்லை.

புதன்கிழமை, மாலை.

தாரகன் கடையின் பின்னறையில் இருந்தான். வேலை கொடுக்காமல் வைத்திருந்தார்கள். மேசை துடைத்திருந்தது.

துப்பாக்கியோடு நடப்பது எப்படி என்று காட்டச் சொன்னாள் லவினியா. அவன் ஒன்றை எடுத்து, போல்ட்டைப் பின்னால் இழுத்து, வெறுங்குழலை அவளுக்குக் காட்டினான். அதைக் காட்டாமல் அவன் துப்பாக்கியை யார் கையிலும் கொடுக்க மாட்டான் என்பது அந்த அசைவிலேயே தெரிந்தது. போல்ட்டை இழுத்தால் குழலில் இருக்கும் தோட்டா வெளியே துள்ளும், அதைக் கையில் பிடித்துப் பையில் போட வேண்டும், நிலத்தில் தேடக்கூடாது என்றான். போல்ட்டைத் திரும்பத் தள்ளினால் பெட்டியில் இருக்கும் அடுத்தது குழலுக்குள் ஏறிவிடும். அதனால் வேலி தாண்டும் வரை போல்ட் திறந்தே இருக்க வேண்டும். முன்னால் ஆள் நடந்தால் குழல் அவர் முதுகைப் பார்க்கக் கூடாது. இருவர் பக்கம் பக்கமாக நடந்தால் கையில் குறுக்கே பிடிக்கக் கூடாது. மழை என்றால் வாய் கீழே. மழை இல்லையென்றால் தோளில், வாய் மேலே.

அவன் பேசிய அவ்வளவு நேரமும் அறையில் இருந்த எந்தக் குழலும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"நிசாந் அண்ணை எப்பிடிக் கொண்டு போறவர்?"

அவன் யோசிக்காமல் வாரை மாற்றினான். இடது தோளில் போட்டான்.

அவன் தன் தோளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். சுவரில் மின்விளக்கு மெல்ல இரைந்துகொண்டிருந்தது.

"ஏன் இடப்பக்கம்?"

"அவன் இடக்கையன்" என்றான்.

ஊரில், பள்ளிக்கூடத்தில், இடக்கையால் எழுதியதற்கு அடிமட்டக் கோலால் விரல் கணுவில் அடி. வீட்டில், இடக்கையால் சோற்றைத் தொட்டதற்குத் தகப்பனிடம் அடி. பத்து வயதுக்குள் எழுத, உண்ண, கொடுக்க, வாங்க எல்லாவற்றுக்கும் வலக்கையைப் பழகிக்கொண்டான். யாரும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு. சுடுதளத்தில் முதல் நாள் வலது தோளில் வைத்துச் சுட்டபோது ஒன்றும் படவில்லை. தாரகன் துப்பாக்கியை மற்றத் தோளுக்கு மாற்றி வைக்கச் சொன்னான். அடுத்த மூன்றும் நடுவில்.

"அண்டையிலை இருந்து காட்டுக்குள்ளை மட்டும் அவன் இடக்கை. இங்கை ஆரும் என்ரை கையைப் பாக்கேல்லை எண்டுவான். சிரிப்பான். வாரின்ரை கொளுவியை இடத் தோளுக்குத் தோதா நான்தான் மாத்திக் குடுத்தனான்."

"அஜிதா அக்காவுக்குத் தெரியாதோ?"

"ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவன். நாப்பது வயசிலை இதைச் சொல்ல வெக்கமாக் கிடக்குது எண்டவன்."

"துவக்கு எந்தக் கையிலை கிடந்தது எண்டு உங்களுக்கு ஆரும் சொன்னவையோ?"

"இல்லை. எல்லாரும் பூட்டைப் பற்றித்தான் கேட்டவை."

அவள் எழுந்தாள். எந்தக் கை என்று அவன் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் அவன் முகத்தில் நிறம் மாறியது.

வியாழக்கிழமை காலை லவினியா அந்தக் கிழவரைப் போய்ப் பார்த்தாள். கொன்ராட் என்று பெயர். சக்கர நாற்காலியில் இருந்தபடி காப்பி கொடுத்தார். பேக்கரிக்காரர் நல்ல மனிதர் என்றார். கடைசியாக வந்தபோது ஒரு விசித்திரமான பேச்சுப் பேசினாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்களை இடித்தவர் தானாகவே வந்து இந்தக் கதவைத் தட்டுவார், கொஞ்சம் பொறுங்கள் என்று.

"வரவில்லை" என்றார் கிழவர். "பேக்கரிக்காரரும் வரவில்லை."

வியாழக்கிழமை, மாலை 4.00.

சேயோன் விசாரணை அறையில் அமர்ந்திருந்தான். ரைனர்ட் கதவோரம் நின்றார். வழக்கறிஞரை அழைக்கலாம் என்று சொல்லப்பட்டது. தேவையில்லை என்றான்.

லவினியா மேசையில் ஒரு படத்தை வைத்தாள். ஏணி, உடல், முழங்கையில் சுற்றிய வார். சேயோன் அதைப் பார்த்தான். ரைனர்ட் கால் மாற்றி நின்றார்.

"இதிலை என்ன பிழை, சேயோன்?"

"தெரியேல்லை, அக்கா."

"ஓம். உங்களுக்குத் தெரியாது. அதுதான் விஷயம்."

அவள் நிதானமாகச் சொன்னாள். நிசாந்தின் வலப்பையில் தனியாக ஒரு தோட்டா இருந்தது. அவன் பெட்டியை எப்போதும் முழுதாக நிரப்புபவன், மூன்று. ஒன்று வெடித்தது, ஒன்று பெட்டியில் மிச்சம். மூன்றாவது, குழலிலிருந்து எடுத்துப் பையில் போட்டது. அதாவது அந்தக் காலையிலும் அவன் விதியை மீறவில்லை. வேலி வந்ததும் போல்ட்டைத் திறந்தான், தோட்டாவை எடுத்தான். அப்படி எடுத்த துப்பாக்கி தானாக வெடிக்காது. யாரோ போல்ட்டைத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும்.

தனியாகப் போயிருந்தால் துப்பாக்கியை வேலிக்குக் கீழால் தள்ளியிருப்பான். தள்ளவில்லை. கொடுத்திருக்கிறான். வேலியோரத்தில் ஒரு அந்நியன் கையில் துவக்கைக் கொடுக்கிற ஆள் இல்லை அவன். அந்த விதி தெரிந்த, அவன் நம்பிய ஆள் இந்த ஊரில் இரண்டே பேர்.

"தாரகன் அண்ணை" என்றான் சேயோன் உடனே.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். பூட்டைப் போட்டு வைச்சு, சோங்கைப் படியிலை இடிச்சு வைச்சது ஆர்? பழியைப் பூட்டிலை போடுறதுக்கு. தன்ரை வேலையிலை தானே பழியைப் போட ஆருக்கும் விசரோ?" அவள் படத்தைத் தொட்டாள். "அதைவிடப் பெரிய விஷயம் ஒண்டு. தாரகன் அண்ணை செய்திருந்தா வாரை இடக்கையிலை மாட்டியிருப்பார். உங்கடை அத்தான் பிறவியிலை இடக்கையன். துவக்கை இடத் தோளிலைதான் கொண்டு போறவர். அது காட்டுக்குள்ளை அவரோடை நடந்த ஆளுக்குத்தான் தெரியும். மேசையிலை மட்டும் பாடம் கேட்ட ஆளுக்குத் தெரியாது. வீட்டிலை அவர் வலக்கையாலை சாப்பிட்டதைத்தானே நீங்கள் கண்டனீங்கள்?"

சேயோன் படத்தைப் பார்த்தபடியே இருந்தான். "இடக்கையோ?" என்று முணுமுணுத்தான். உண்மையிலேயே அவனுக்கு அது புதுச் செய்தி.

"வேலியடியிலை துவக்கை வாங்கினது நீங்கள்தான், சேயோன்."

சன்னலில் வெளிச்சம் குறைந்தது.

"அந்தச் சைக்கிள்காரரை இடிச்சது நான்தான்" என்றான் கடைசியில். "விக்க முதலே அத்தான் காரின்ரை முன்பக்கத்தைக் கண்டிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை நீயே போய்ச் சொல்லு, இல்லாட்டி நான் சொல்லுவன் எண்டவர். எனக்கு விசா இன்னும் நிரந்தரமில்லை. திருப்பி அனுப்பிப் போடுவாங்கள் எண்டு பயம். இன்னும் கொஞ்ச நாள் தாங்கோ எண்டு கேக்கத்தான் அங்கை போனனான். வேறை ஒண்டுக்கும் இல்லை."

"கேட்டனீங்களோ?"

"கேட்டன். அந்தக் கிழவனுக்கு எத்தினை நாள் இருக்குது எண்டு என்னைத் திருப்பிக் கேட்டார்." அவன் மூக்கைத் துடைத்தான். "வேலியடியிலை நிண்டுதான் கதைச்சனாங்கள், துவக்கு அவரின்ரை கையிலை இருந்தது. பிறகு துவக்கைத் திறந்து என்ரை கையிலை தந்தார். தந்திட்டுத் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. ஏறினவர்."

ரைனர்ட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அஜிதாவிடம் சொல்ல லவினியா தனியாகப் போனாள். அரை மணி நேரம் அந்த வீட்டில் இருந்தாள். முதலில் அஜிதா நம்பவில்லை. பிறகு நம்பினாள். "விபத்து எண்டு விட்டிருந்தா எனக்கு ஒரு தம்பியாவது மிஞ்சியிருப்பான்" என்றாள். புறப்படும்போது அஜிதா வாசல்வரை வந்து, ஒரு விஷயம் சொல்லி அனுப்பினாள்.

தாரகன் கதவைத் திறந்தபோது இன்னும் வேலை உடையில் இருந்தான். கடை மூடி வெகுநேரம் ஆகியிருந்தது. சமையலறையில் இருவரும் அமர்ந்தார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். சேயோன் என்ற பெயர் வந்தபோது மட்டும் கண்ணை மூடினான்.

"அந்தப் பூட்டு?" என்று கேட்டான்.

"அந்தளவு பலமா அடிச்சா எந்தப் பழைய பூட்டும் ஒருக்கா நழுவும் எண்டு ஆய்வுகூடத்திலை எழுதியிருக்கினம். அண்டைக்கு அது நழுவேல்லை, அண்ணை. ஆள்தான் விசையை இழுத்தது. கோப்பை மூடுகினம்."

அவன் தலையசைத்தான். நிம்மதி வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. ஐந்து நாள் தன்னையே கொலைகாரனாக வைத்துப் பார்த்த மனிதன் அவ்வளவு சீக்கிரம் அதிலிருந்து எழும்ப முடியாது போல.

"அஜிதா என்ன செய்யிறா?"

"தனியத்தான் இருக்கிறா. ஆக்களை வரவேண்டாம் எண்டிட்டா." லவினியா கொஞ்சம் தயங்கினாள். "உங்களிட்டை ஒண்டு கேக்கச் சொன்னவ. செத்தவீட்டிலை பெட்டி தூக்கிறதுக்கு ஒரு ஆள் குறையுதாம்."

தாரகன் மேசையைப் பார்த்தபடி இருந்தான். தோள்கள் மெல்ல அசைந்தன. லவினியா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் எவ்வளவு நேரம் எடுத்தாலும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

பிறகு அவன் கேட்டான்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு?"